மூன்றாவது கியூப்

செம்மண்டலம் டெஸ்டிங் லேபுக்கு
கியூப் எல்லாம் ஜீப்பில்தான் வரும்.
பாலத்துக்கு எம்-முப்பத்தைந்து,
தண்ணீர்த் தொட்டிக்கு எம்-முப்பது.
அஸ்திவாரத்துக்கு அடியில் விரிக்கிற வெறும் கான்கிரீட்டை
யாரும் கொண்டுவருவதில்லை.
சொந்த வீடு கட்டுகிறவர்களும் வருவதில்லை.

அஞ்சலாட்சி டவுன் பஸ்ஸில் வந்தாள்,
சோனங்குப்பத்திலிருந்து, மீன் கூடையில்
மூன்று கியூப். ஒவ்வொன்றும் எட்டு கிலோ சொச்சம்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டிருக்கிறான்.
ஈரத்தில் ஆணியால் கீறிய தேதிக்குப் பக்கத்தில்
ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

துடைத்து, எடை போட்டு, மெஷினில் ஏற்றினேன்.
முள் நகர்ந்தது.
நானூறு. நானூற்றைம்பது.
ஐந்நூற்று நாற்பத்தொன்றில்
மூலைகள் உதிர்ந்தன,
நடுப்பகுதி மட்டும்
உடுக்கை போல இடை சிறுத்து நின்றது.

"ஒடஞ்சாத்தான் தெரியுமா?"
ஆமாம்.
"கூரை போட்டு இன்னியோட இருவத்தெட்டு நாளு.
இப்ப வந்து ஆவாதுன்னா
நான் என்னா பண்றது?"

பத்தொன்பது வருடத்தில்
ஜீப்பில் வந்த ஒருவரும் கேட்டதில்லை.
எம்-இருபதுக்கு நானூற்றைம்பதே போதும் என்று
வேறு எதற்கோ பதில் சொன்னேன்.
இரண்டாவது, ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"உப்புக்கு எம்மாந் தாங்கும்?"

அதை அளக்க இங்கே மெஷின் இல்லை.

சிரித்தாள். கருவாடு போடுகிறவள்.
"நெத்திலிக்கு ஒரு ராத்திரி.
வஞ்சிரத்துக்கு நாலு நாளானாலும்
முள்ளுகிட்ட சதை பச்சையா நிக்கும்.
அதுக்குத்தான் கீறல் போடறது,
கீறுனாதான உள்ள போவும்.
கூரைக்கும் அதே கணக்குதான சார்?"

கம்பி கட்டியது நெல்லிக்குப்பம் ஆட்கள்.
எட்டு எம்.எம்., ஆறங்குலத்துக்கு ஒன்று,
முடிச்சில் ஒரு குறை சொல்ல முடியாதாம்.
ஆனால் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே
மேஸ்திரி தேசிங்கு செருகியது
சில்லு சில்லாய் ஜல்லி.
'இது நெத்திலி சதை,
எனக்கு வஞ்சிரம் வேணும்'
என்று சென்ட்ரிங் மேல் ஏறி நின்று
கத்தியிருக்கிறாள். அன்றைக்கு வேலை நின்றது.
டீக்கடை பேப்பர் கப்பில் அடிமட்டும் கலவை ஊற்றி
நூற்று அறுபது கவர் பிளாக்,
ஆறப் போட்டு, ஊறப் போட்டு,
வாரம் கழித்துத்தான் கான்கிரீட்.
பிறகு பாத்தி கட்டி, இருபத்தோரு நாள்
குடம் குடமாய் நல்ல தண்ணீர்.
போர் தண்ணீர் கரிக்கும்,
கிட்டவே விடவில்லை.

துரு ஏறினால் கம்பி பருக்கும்,
பருத்தால் கான்கிரீட் பிளக்கும்.
டிப்ளமோவில் பத்து மார்க் கேள்வி,
படத்தோடு எழுதியிருக்கிறேன்.
எழுதும்போது நாக்கில் கரித்ததில்லை.

மூன்றாவதைத் தூக்கப் போனேன்.
கூடையை இழுத்துக்கொண்டாள்.
"இத்த ஒடைக்காதீங்க."
மூன்றின் சராசரிதான் ரிப்போர்ட், என்றேன்.
"ரெண்டு போனது போதும். ஒண்ணு
கூரையோடவே வயசாவட்டும்.
மேல வச்சிட்டு, அதுக்கு என்னா ஆவுதுன்னு
பாத்துக்கினே கெடக்கேன்."

அதற்குள் கம்பி இல்லை,
வெறும் சதை, துருப்பிடிக்க ஒன்றுமே இல்லை,
அதைப் பார்த்துக் கூரையைப் பற்றி
என்ன தெரிந்துவிடும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சும்மாட்டைச் சுருட்டி வைத்து
கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.
ஒரு கை கொடுத்தேன்.

ரிப்போர்ட்டில் மூன்றாவது கட்டம் காலி.
நாளைக்கு மேனேஜர் கேட்பார்.
மெஷின் தட்டைத் துடைக்கிறேன்,
பொடியெல்லாம் வந்துவிட்டது.
ஐம்பது டன்னுக்கு மேல் வாங்கியும்
அந்தச் செதில் மட்டும்
நகத்தால் சுரண்டியும்
வரமாட்டேன் என்கிறது.